உப்பில் வந்த சதைத்துண்டு

போன மாதம் எனக்கு விடைகொடுக்க நீங்கள் எல்லாரும் கூடியபோது மைக்கை என் கையில் கொடுத்தீர்கள். "எல்லாரும் நல்லா இருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். பிறகு டீ குடிக்கும்போது, புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளில் ஒருத்தி, "என்னக்கா, இத்தனை வருசம் இருந்துட்டு எங்களுக்கு ஒண்ணும் சொல்லாம போறீங்க" என்று கேட்டாள். நாலு பேர் ஒன்றாகத் திரும்பிப் பார்த்தாலே எனக்குச் சொல்ல வந்தது மறந்துவிடும். எழுதும்போது யாரும் பார்ப்பதில்லை. அதனால் எழுதித் தருகிறேன்.

சதையை மெழுகில் பதிப்பது, மெல்லிசாகச் சீவுவது, சாயம் ஏற்றுவது இதெல்லாம் பற்றி நான் எழுதப்போவதில்லை. நீங்கள் படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். நான் பள்ளிக்கூடப் படிப்போடு வந்து, கூட நின்று பார்த்துக் கற்றவள். கை வேலை எல்லாருக்கும் ஒருநாள் படிந்துவிடும். வேலை தெரிந்த பிறகும் என்ன செய்வது என்று தெரியாமல் நிற்கும் நாள்கள் வரும். அப்படி ஒரு வாரத்தைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

அப்போது நம் ஆய்வுக்கூடம் துறைமுகத்துக்குப் போகும் ரோட்டில், ஒரு மருந்துக்கடையின் மாடியில் இருந்தது. ஜன்னலைத் திறந்தால் லாரிச் சத்தமும் உப்புக்காற்றும் சேர்ந்து வரும். வாயிலிருந்து எடுத்த சதைதான் எங்களுக்கு அதிகம் வரும். ஈறு, நாக்கு, கன்னத்தின் உள்பக்கம். வெற்றிலை புகையிலை போடுகிறவர்கள் நிறைந்த ஊர் என்பதால் புற்றுநோயும் வரும். சாதாரண ஈறு வீக்கமும் வரும். கண்ணால் பார்த்தால் இரண்டும் சில சமயம் ஒன்றுபோலவே இருக்கும் என்பதால்தான் நம்மைப்போன்றவர்களுக்கு வேலை இருக்கிறது.

டாக்டர் மதுரையில் படித்து முடித்து நேராக இங்கே வந்தவர். என்னைவிடச் சின்ன வயதுப் பெண். பெயரை எழுதினால் அவருக்குப் பிடிக்காது, டாக்டர் என்றே சொல்கிறேன். அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைப்பதற்கு முன்னால், நோயாளி யார், என்ன வேலை செய்கிறார், எத்தனை நாளாகத் தொந்தரவு என்று என்னை வாசிக்கச் சொல்வார்.

"சதை மட்டும் தனியா வந்து எதையும் சொல்லாதுக்கா. ஆளும் கூட வரணும்" என்பார்.

ஒரு திங்கட்கிழமை காலையில் தருவைகுளத்திலிருந்து லூர்து என்ற இளைஞர் ஒரு சின்ன பாட்டிலைக் கொண்டுவந்து கொடுத்தார். அது அவருடைய அக்கா கணவர் சந்தியாகுவின் ஈறிலிருந்து எடுத்தது. சந்தியாகு கடலில் சங்கு குளிக்கிறவர். கீழ்த்தாடையில், ஈறின்மேல், கருஞ்சிவப்பாக ஒரு கட்டி வளர்ந்திருந்தது. தொட்டால் ரத்தம் வரும். எங்கள் ஊரில் பெரிய பெயர் எடுத்த ஒரு சர்ஜன் சனிக்கிழமை சாயங்காலம் அதில் ஒரு துண்டு வெட்டி, சதை கெடாமல் வைக்கும் ஃபார்மலினில் போட்டு, எங்களிடம் சேர்க்கச் சொல்லி லூர்து கையில் கொடுத்திருந்தார். அதற்குள் நாங்கள் பூட்டிவிட்டுப் போயிருந்தோம். இடையில் ஞாயிற்றுக்கிழமை. அதனால் லூர்து பாட்டிலை ஊருக்கு எடுத்துப்போய், திங்கட்கிழமை திரும்பக் கொண்டுவந்தார்.

பாட்டிலின் மேல் ஒட்டிய பெயர் சரியாக இருந்தது. தண்ணீர் நிறைந்திருந்தது, துண்டு அடியில் கிடந்தது. ஃபார்மலின் நெடி இருந்ததா என்று கேட்டால், எங்கள் அறையில் சுவரே அந்த நெடிதான் அடிக்கும். வாங்கி வேலையைத் தொடங்கினேன்.

புதன்கிழமை டாக்டர் அந்தச் சதையின் சிலைடைப் பார்க்க உட்கார்ந்தார். வழக்கமாக ஒரு சிலைடுக்கு அதிக நேரம் எடுக்காதவர், அதைவிட்டு எழுந்திருக்கவே இல்லை. கடைசியில் எழுந்து முகம் கழுவிவிட்டு வந்து மறுபடி பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு அருகில் உட்காரச் சொன்னார்.

"அக்கா, அடியில இருக்கற செல்லெல்லாம் கறுத்துப்போய், நெருக்கமா அடைஞ்சு கிடக்கு. அவசரத்துல பாத்தா ஈறுல அபூர்வமா வருமே ஒரு புற்று, அதுன்னு எழுதிரலாம். சர்ஜனும் அதைத்தான் எதிர்பார்க்கிறார்."

"எழுதிர வேண்டியதுதானே டாக்டர்?"

"மேல் தோலைப் பாருங்க. அது நல்ல செல். சாதாரணமா அமைதியா இருக்கணும். அதுவும் கறுத்துச் சுருங்கிக் கிடக்கு. நல்லதே இப்படி இருந்தா, கெட்டதை எதோட வச்சு நான் ஒப்பிடுறது?"

அவர் பேசி முடிக்கவில்லை, போன் அடித்தது. சர்ஜன்தான். அவர் பேசினால் ரிசீவரைக் காதில் வைக்காமலே கேட்கும்.

"என்னம்மா, ரிப்போர்ட் ரெடியா? மதுரையில திங்கட்கிழமைக்குப் படுக்கை சொல்லி வச்சிருக்கேன். ஒரு பக்கத் தாடையை எடுத்தாகணும். இதை விட்டா அடுத்து எப்போ கிடைக்குமோ தெரியாது."

"சார், இந்தத் துண்டை என்னால படிக்க முடியல."

"துண்டு பத்தலையா?"

"துண்டு போதும் சார். அதுக்கு என்னமோ ஆகியிருக்கு. நல்ல செல்லும் கெட்டுப்போயிருக்கு. புதுசா ஒரு துண்டு வேணும்."

"உன் வயசுக்கு மேல நான் வாயைப் பாத்திருக்கேன்மா. கையால தொட்டுப் பாத்தவன் சொல்றேன், அது நல்ல கட்டி இல்ல."

"இருக்கலாம் சார். ஆனா எனக்குத் தெரியல. புற்றுன்னும் எழுத மாட்டேன், இல்லைன்னும் எழுத மாட்டேன்."

சர்ஜனின் குரல் தணிந்து வந்தது. "அது நிஜமாவே புற்றா இருந்து, நீ தள்ளிப்போட்டதால பரவினா என்ன செய்வே?"

"அந்தப் பயம் எனக்கும் இருக்கு சார்" என்றார் டாக்டர்.

"சரி. வெள்ளிக்கிழமை காலையில ஆளை அனுப்பு. வந்தான்னா இன்னொரு துண்டு எடுத்துத் தாரேன். வரலைன்னா திங்கட்கிழமை மதுரைக்குப் போவான். அவ்வளவுதான்."

டாக்டர் போனை வைத்தார். அந்த சர்ஜன் அனுப்பும் ஆட்களை நம்பித்தான் எங்கள் கூடமே நடந்தது. கெட்ட மனிதர் இல்லை. நோயாளிக்கு நல்லது நடக்க வேண்டும் என்றுதான் அவசரப்பட்டார். அதுதான் கஷ்டம். அவசரப்படுத்துகிறவர் பக்கமும் நியாயம் இருக்கும்போது வாயைத் திறந்து தெரியாது என்று சொல்வது எவ்வளவு பாரம் என்று அன்று பார்த்தேன். தெரியாததைத் தெரிந்தமாதிரி எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால் அன்று மதியம் இருவருமே நிம்மதியாகச் சாப்பிட்டிருப்போம்.

"அக்கா, நீங்க தருவைகுளம் போயிட்டு வர்றீங்களா?" என்று கேட்டார்.

"நானா?"

"நான் போனா, டாக்டரே வீடு தேடி வந்துட்டாங்க, ஆள் பிழைக்க மாட்டான்னு ஊர் கூடிரும். நீங்க போங்க. ரெண்டு வேலை. அந்த பாட்டில் வழியில எங்கெங்க இருந்துச்சுன்னு கேக்கணும். யாரையும் குத்தம் சொல்லாம கேக்கணும். வெள்ளிக்கிழமை அவர் வரணும்."

தெரியாதவர்களிடம் அட்ரஸ் கேட்கவே தயங்குகிறவள் நான். மறுநாள் காலையில் பஸ்ஸில் போகும்போது, என்ன கேட்பது, எப்படிக் கேட்பது என்று வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன்.

லூர்து கருவாட்டுக் களத்தில் வேலை செய்கிறவர். எங்கள் வீட்டில் மீன் சமைப்பதில்லை. பஸ்ஸைவிட்டு இறங்கியதும் அந்த வாடையில் முந்தானையை மூக்குக்குக் கொண்டுபோய்விட்டு, யாராவது பார்த்தால் தப்பாக நினைப்பார்களே என்று கீழே விட்டேன். பாயில் மீனைப் பிளந்து காயவைத்துக்கொண்டிருந்த பெண்கள் என்னைப் பார்த்தார்கள். பஸ்ஸில் தயார் செய்த கேள்வி அங்கேயே போய்விட்டது.

"லூர்து..." என்றேன்.

"ஏலே லூர்து, ஒன்னத் தேடி டவுன்லேருந்து ஆளு வந்திருக்கு. மாப்பிள்ளை பாக்க வந்திருக்காவளோ என்னவோ" என்றார் ஒரு பெண். எல்லாரும் சிரித்தார்கள்.

லூர்து உப்புக்கையோடு வந்தார். என்னை அடையாளம் தெரிந்ததும் முகம் மாறியது. நான் ஒன்றும் கேட்பதற்கு முன்னாலேயே, "பாட்டிலப் பத்திரமாத்தான் கொண்டாந்தேன். ஒண்ணும் ஆகல" என்றார்.

அதற்குமேல் எப்படிக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு கூடையின்மேல் உட்கார்ந்தேன். அவர் திரும்பிப் போய் மீனைப் புரட்டிப் போட்டார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் ஒரு வரிசையை முடித்துவிட்டு என்னைப் பார்த்தார். இன்னொரு வரிசையை முடித்துவிட்டுப் பார்த்தார். பிறகு பக்கத்தில் வந்து உட்கார்ந்து, குரலைத் தணித்து, "மச்சானுக்கு ஏதும் ஆயிருமாக்கா?" என்று கேட்டார்.

"அந்தச் சதை எங்களுக்குச் சரியாத் தெரியல. வழியில எப்படி இருந்துச்சுன்னு டாக்டர் கேட்டுட்டு வரச் சொன்னாங்க. கோவமெல்லாம் இல்ல."

"பஸ்ஸுலதான் கொட்டிப்போச்சு" என்றார். அதன்பிறகு நிற்கவில்லை. "நான் மடியில வச்சிருந்தேன். குறுக்க ஒரு ஆடு வந்திச்சு. டிரைவர் பிரேக்கப் போட்டாரு. மூடி கழண்டு பாதி என் வேட்டியில. அந்த நெடி இருக்கே, பக்கத்துல இருந்தவன் கண்ணைக் கசக்கிக்கிட்டு வையுதான். கண்டக்டர் ஒண்ணு பாட்டிலத் தூக்கிப்போடு, இல்ல நீ இறங்குங்காரு. சதையைப் போடவா முடியும்? இருந்த தண்ணிய ஜன்னல் வழியா ஊத்திட்டேன்."

"அப்புறம்?"

"வீட்டுக்கு வந்து பாத்தா சதை வெறுமனே கிடக்கு. ரெண்டு ராத்திரி எப்படித் தாங்கும்? நாறிப்போயிரும்லா? எனக்குத் தெரிஞ்சது உப்புதான். கல்லுப்பு போடலக்கா. பொடி உப்பா, வெள்ளையா எடுத்து, சீலாமீன் துண்டுக்குப் போடுத மாதிரி மேலயும் கீழயும் போட்டு, இலையில பொதிஞ்சு, எறும்பு வராம உறியில தொங்கவிட்டேன். திங்கக்கிழமை கழுவி, கொதிக்கவச்சு ஆறுன தண்ணிய ஊத்திக் கொண்டாந்தேன். ஒரு பொட்டு நாத்தம் இருந்துச்சா? நீங்களே சொல்லுங்க."

கடைசியாகச் சொன்னபோது அவர் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. அக்கா கணவரின் உடம்பிலிருந்து வந்த துண்டை, தனக்குத் தெரிந்த மிக நல்ல முறையில் அவர் பாதுகாத்திருக்கிறார். உப்பு ஈரத்தை உறிஞ்சும்போது ஒவ்வொரு செல்லும் சுருங்கிக் கறுத்துவிடும், பிறகு எது நல்லது எது கெட்டது என்று யாராலும் சொல்ல முடியாது என்பதை அவருக்கு யார் சொன்னார்கள்? கையில் கொடுத்தவரும் சொல்லவில்லை, வாங்கும் நாங்களும் சொல்லவில்லை.

"உங்கமேல தப்பில்ல. நல்லாத்தான் பாத்திருக்கீங்க" என்றேன். "ஆனா அந்த உப்புனாலதான் டாக்டருக்குத் தெரியல. இன்னொரு தடவை எடுக்கணும்."

"இன்னொரு தடவையா?" லூர்து எழுந்தார். "அதை நீங்கதான் மச்சான்கிட்டச் சொல்லணும். நான் உப்பு போட்டதே அக்காவுக்குத் தெரியாது."

புதிதாக வந்திருக்கிறவர்களுக்கு இந்த இடத்தில் ஒன்று சொல்கிறேன். ஒரு துண்டு உங்கள் மேசைக்கு வருவதற்கு முன்னால் யார் யார் கையிலோ இருந்து வருகிறது. அதில் ஏதோ கோளாறு என்றால் கொண்டுவந்தவரைத் தேடிப் போங்கள். போய்க் கத்தினால், "பத்திரமாத்தான் கொண்டாந்தேன்" என்பதோடு முடிந்துவிடும். பேச வராத காரணத்தால்தான் நான் அன்று சும்மா உட்கார்ந்திருந்தேன். பின்னாளில், பேச வந்தபோதும் சும்மா உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். பலன் ஒன்றுதான்.

சந்தியாகு வீட்டு வாசலில், வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நல்ல ஆகிருதி. கன்னம் ஒரு பக்கம் மட்டும் உப்பியிருந்தது. அவர் மனைவி பிலோமி அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். லூர்து தலையைக் குனிந்துகொண்டு உப்புக் கதையைச் சொல்லி முடித்தார்.

பிலோமி முறத்தைக் கீழே வைத்தார். "ஏலே, கருவாடா போட்ட எங்க வீட்டு ஆளை?"

"நாறிரும்னுதாங்க்கா..."

"ஒன் மூளைக்குக் கொஞ்சம் உப்பு போட்டிருந்தா கெடாம இருந்திருக்கும்."

சந்தியாகு சிரிக்கவில்லை. என்னைப் பார்த்து, துண்டுக்குள்ளிருந்து பேசினார். "ரெண்டாந்தடவை கத்தி வைக்க நான் வரமாட்டேன் தாயி. ஒரு தடவை பட்டாச்சு. இன்னொருக்கப் பட்டா பரவிரும். ஊர்ல எல்லாரும் சொல்லுதாவ."

"எல்லாரும் சொல்லுதாவளாம்" என்றார் பிலோமி. "எல்லாரும் வந்து ஆளுக்கொரு தாடை தரப்போறாவளா?"

"ஏளா, சும்மா கிட. திங்கக்கிழமை மதுரைக்குப் போறோம், எடுத்துட்டு வாறோம், முடிஞ்சுது. பெரிய டாக்டரு சொல்லிட்டாரு."

"எடுத்துட்டு வந்து? காத்துக்குழாய எதைக்கொண்டு கடிப்பீரு? தாடைய எடுத்த ஆளைப் படகுல யாரு ஏத்துவா? என்னை வையதுக்காவது வாய் வேணும்லா."

சந்தியாகு துண்டை வாயோடு இன்னும் அழுத்திக்கொண்டார். படகில் ஒரு மெஷின் வைத்து, குழாய் வழியாகக் காற்றைக் கீழே விடும் முறை அப்போது அந்தப் பக்கம் பரவிக்கொண்டிருந்தது. குழாயின் முனையில் இருக்கும் ரப்பரைப் பல்லால் கடித்துக்கொண்டுதான் ஆள் அடியில் நடந்து சங்கு பொறுக்க வேண்டும். கடி தளர்ந்தால் தண்ணீர் உள்ளே போய்விடும். தாடை போனால் தொழிலும் போய்விடும் என்பது அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அதைச் சொல்லாமலிருக்கத்தான் அவர் துண்டை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார் போல.

"கட்டி இருக்குத பக்கந்தான் கடிக்காரு" என்று பிலோமி என்னிடம் சொன்னார். "ரப்பர் தேஞ்சு ஓரம் கத்தியா இருக்கு. மாத்தும்னா கேக்க மாட்டாரு."

அதை நான் மனதில் வைத்துக்கொண்டேன். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாது. கேட்டதை எல்லாம் டாக்டரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் என் வேலை.

சந்தியாகு என்னையே பார்த்தார். "ஒங்க டாக்டரம்மா என்னதான் சொல்லுது?"

டாக்டர் கெட்டிக்காரர், அவரை நம்புங்கள் என்று ஏதாவது சொல்லியிருக்கலாம். எனக்கு அப்படிப் பேச வரவில்லை. "அவங்களுக்குத் தெரியலையாம்" என்று சொல்லிவிட்டேன். சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டேன். லூர்துகூட என்னைத் திரும்பிப் பார்த்தார். வந்த காரியம் கெட்டது என்றே நினைத்தேன்.

சந்தியாகு துண்டை வாயிலிருந்து எடுத்தார். "தெரியலைன்னு அதுவே சொல்லிச்சா?"

"ஆமா."

"பெரிய டாக்டருகிட்டயுமா?"

"போன்ல சொன்னாங்க. நான் பக்கத்துலதான் இருந்தேன்."

"அவரு வைவாரே."

"வைதாரு."

"வைதும் தெரியலைன்னுதான் சொல்லிச்சா?"

"ஆமா."

அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததில் வலி எடுத்து, கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். "எத்தனை டாக்டரைப் பாத்தாச்சு. ஊர் வைத்தியனையும் பாத்தாச்சு. ஒருத்தரும் தெரியலைன்னு சொன்னதில்ல. எல்லாருக்கும் எல்லாம் தெரிஞ்சிருக்கு, கட்டி மட்டும் வளந்துக்கிட்டே இருக்கு." பிலோமி பக்கம் திரும்பினார். "ஏளா, நாளைக்குக் காலையில மொத பஸ்ஸு எப்போ?"

"நான் எழுப்பி விடுதேன்" என்றார் பிலோமி. முறத்தை எடுத்து மறுபடி புடைக்க ஆரம்பித்தார். அரிசி வெளியே சிதறிக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை சர்ஜனின் அறை வாசலில் நானே புது பாட்டிலோடு நின்றேன். லூர்துவும் வந்திருந்தார். பாட்டிலை ஒரு நிமிடம் பிடியுங்கள் என்றபோது, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, "நான் தொடமாட்டேன் சாமி" என்றார். உள்ளே சர்ஜனுக்கு உப்புக் கதை ஏற்கெனவே போய்ச் சேர்ந்திருந்தது. துண்டை பாட்டிலில் போடும்போது என்னைப் பார்த்து, "இதாவது கருவாடு ஆகாம, சதையாவே போய்ச் சேரட்டும்" என்றார். அன்றிலிருந்து தன் நோயாளிகளின் உறவினர் யார் கையிலும் அவர் பாட்டில் கொடுத்தனுப்பியதில்லை. தன் ஆளையே அனுப்புவார். ஒரு வார்த்தை விளக்கமும் சொன்னதில்லை. பெரியவர்கள் திருத்திக்கொள்வது பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும், நீங்கள் கவனித்துக்கொள்ள வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை என்றும் பார்க்காமல் கூடத்தைத் திறந்தோம், சந்தியாகுவையும் வரச் சொல்லியிருந்தோம். மறுநாள் மதுரையில் படுக்கை காத்திருந்தது. சிலைடை டாக்டரின் முன்னால் வைத்துவிட்டு நான் ஜன்னலோரம் போய் நின்றேன். கீழே ரோட்டில் லாரிகள் இல்லை. சர்ச்சில் பூசை முடிந்து சந்தியாகுவும் பிலோமியும் லூர்துவும் நல்ல உடுப்போடு நடந்து வருவது தெரிந்தது. மருந்துக்கடை வாசலில் நின்றார்கள், மேலே வரவில்லை.

"வந்துட்டாங்களா?" என்று கண்ணை எடுக்காமலே டாக்டர் கேட்டார்.

"வந்துட்டாங்க."

"எந்தப் பக்கம் ரப்பரைக் கடிப்பார்னு சொன்னாங்க?"

"கட்டி இருக்கற பக்கம். ஓரம் தேஞ்சு கத்தியா இருக்குன்னாங்க."

மறுபடி நெடுநேரம் பார்த்தார். பழைய சிலைடுப் பெட்டியைக் கேட்டார். அதிலிருந்து, முன்பு வேறொருவருக்கு வந்த ஈறுக்கட்டியின் சிலைடை எடுத்துப் பார்த்துவிட்டு, புதியதை வைத்துப் பார்த்தார். பிறகு அதை எடுத்துவிட்டுப் பழையதை. நான் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்ல வேண்டிய அவசரம் அவருக்கு வந்துவிடும். அந்த வாரம் அவரை அவசரப்படுத்தாத ஒரு ஆளாவது இருக்கட்டும் என்று நினைத்தேன்.

கடைசியில் நாற்காலியில் சாய்ந்தார். "மேல் தோல் அமைதியா இருக்கு" என்றார். "அடியில பெரிய பெரிய செல்லா, ஒவ்வொண்ணுலயும் நிறையக் கரு இருக்கு. நிறைய ரத்தக்குழாய். ஈறு ஓயாம உரசப்பட்டா, அந்தக் கோவத்துல இப்படிக் கட்டி கட்டும். புற்று இல்லக்கா."

நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

அவர் முதலில் போனை எடுத்து சர்ஜனிடம் பேசினார். பார்த்ததைச் சொன்னார். எலும்பு சம்பந்தமான வேறொரு நோயிலும் இதே செல்கள் தெரியும், அதனால் ரத்தத்தையும் ஒருமுறை பார்த்துவிடலாம் என்றார். அந்தப் பக்கத்திலிருந்து ரொம்ப நேரம் கேள்விகள் வந்தன. எல்லாவற்றுக்கும் நிதானமாகப் பதில் சொன்னார். முடிவில் சர்ஜன், "அப்போ இங்கயே வேரோட எடுத்துச் சுரண்டி விட்டுருதேன். மதுரைப் படுக்கைக்கு வேற ஒருத்தன் காத்துக்கிட்டிருக்கான், அவனை அனுப்பணும்" என்றார். பிறகு, "நீயே போய்ச் சொல்லும்மா. நீ கண்டுபிடிச்சது" என்றார்.

டாக்டர் படியிறங்கினார், நான் பின்னாலேயே போனேன். மருந்துக்கடைச் சாய்ப்புக் கூரையின் நிழலில் மூவரும் எழுந்து நின்றார்கள். சந்தியாகு அவரை மேலும் கீழும் பார்த்தார். இவ்வளவு சின்னப் பெண்ணா என்று நினைத்திருப்பார்.

"இப்பவாவது தெரியுதாம்மா?" என்றார்.

"இப்போ தெரியுது. புற்று இல்ல. அந்த ரப்பர் உரசி உரசி வந்த கட்டி. அதை மட்டும் எடுத்தா போதும். ஒரு பல் போகலாம். தாடை இருக்கும்."

லூர்து உதட்டைக் கடித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தார். பிலோமி தலையில் போட்டிருந்த முக்காட்டின் ஓரத்தால் முகத்தைத் துடைத்தார். ஒருமுறை துடைத்தது போதவில்லை.

"ரப்பரை மாத்தணும்" என்றார் டாக்டர். "மாத்தலைன்னா திரும்பவும் வரும்."

"மாத்திருதேன்."

"மாத்துவாராம்" என்றார் பிலோமி, முக்காட்டுக்குள்ளிருந்து. "நான் மாத்தி வைக்கேன் டாக்டரம்மா. பழசை அடுப்புல போட்டுருதேன்."

சந்தியாகு வாயைத் திறந்து, தாடையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மெதுவாக அசைத்துப் பார்த்தார். அது அங்கே இருக்கிறதா என்று பார்க்கிறவர்போல இருந்தது.

"அப்போ நாளைக்கு மதுரைக்குப் போவண்டாமா?"

"வேண்டாம்."

பிலோமியைத் திரும்பிப் பார்த்தார். "பையெல்லாம் கட்டி வச்சிட்டியே."

"கட்டினா என்ன," என்றார் பிலோமி, "வாரும், போயி அவுப்போம்."